இடியன் துவக்கும் இரண்டரை ஷில்லிங் வரியும்

எங்கட பக்கத்தில் 'துவக்கு' என்கிறோம். தமிழகத்தார் 'துப்பாக்கி' என்கிறார்கள். இரண்டுக்கும் வேர் துருக்கிச் சொல்லான 'துஃபெக்'. ஆயுதத்தோடு பெயரும் கடல் கடந்து வந்திருக்கிறது.

வாய்வழியே வெடிமருந்து கொட்டி, தும்பு அடைத்து, ஈயக்குண்டு போட்டு, கோலால் இடித்து இறுக்கிச் சுடுவது இடியன் துவக்கு. பெயருக்கும் அந்த இடிதான் காரணமென்று எனக்குப் படுகிறது. கண்டி இராச்சியத்துக் கொல்லர்கள் இதில் பெரிய கெட்டிக்காரர்கள். அவர்களுடைய துவக்குகளில் விசைப்பொறி குழலின் இடப்பக்கம் இருக்கும்; பிடியோ இரண்டாய்ப் பிரிந்து சுருண்டிருக்கும். 1765இல் ஒல்லாந்தர் கண்டியில் கொள்ளையிட்டுப் போனவற்றுள் ஆறு பொருட்களை நெதர்லாந்து 2023இல் திருப்பித் தந்தது. லெவ்கே திசாவையின் பீரங்கியோடு இரண்டு துவக்குகளும் அதில் வந்தன.

ஆனால் அரண்மனைத் துவக்கை விட, சேனைக்காரனின் துவக்குத்தான் நம் மாத்தளை மாவட்டத்துச் சரித்திரத்துக்கு நெருக்கமானது. குரக்கன் கதிர் முற்றும் நாளில் பன்றிக் கூட்டம் ஒரே இரவில் புகுந்தால் வருடச் சோறு போய்விடும். பல்லேகமவில் பிள்ளைகளுக்கு இதை விளக்கத் தேவையில்லை. "சேர், இப்பவும் அப்பிடித்தானே" என்பார்கள்.

இந்தத் துவக்கின் மேல்தான் 1848இல் தேசாதிபதி டொரிங்டன் கை வைத்தார். துவக்கொன்றுக்கு வருடம் இரண்டரை ஷில்லிங். நாய்க்கும் வரி, கடைக்கும் லைசன்ஸ். வீதிச் சட்டமோ ஆறு நாள் வேலை, அல்லது மூன்று ஷில்லிங் கேட்டது. அந்தக் கணக்கில் பார்த்தால் துவக்கு வரி ஐந்து நாள் உழைப்பு! பாடப்புத்தகம் புரன் அப்புவின் வீரத்தை விரிவாகச் சொல்லும். இந்த ஐந்து நாளைச் சொல்லாது. தவளம் கட்டி உப்பும் பாக்கும் ஏற்றிய பரம்பரையில் வந்து, கடை போட்ட சோனகனுக்கும் சேனைச் சிங்களவனுக்கும் ஒரே நேரத்தில் வந்த சுமை அது. கண்டிக் கிளர்ச்சிகளை நமக்குச் சம்பந்தமில்லாத விஷயமாய்ப் படிப்பது சரியில்லை என்பது என் அபிப்பிராயம்.

யூலை 26இல் தம்புள்ளையில் கொங்காலேகொட பண்டா முடிசூடினார். இரண்டு நாளில் கூட்டம் மாத்தளைக்கு வந்தது. ஆகஸ்ட் 8இல் புரன் அப்பு சுட்டுக் கொல்லப்பட்டார். டொரிங்டனும் 1850இல் திருப்பி அழைக்கப்பட்டார்.

ஐரோப்பாவில் இன்று வாய்வழித் துவக்குச் சுடுதல் ஒரு பொழுதுபோக்கு. 1971இலிருந்து சர்வதேசப் போட்டியே நடக்கிறது. காகித இலக்கு, காதடைப்பான், நடுவர் எல்லாம் உண்டு. நம் நாட்டில் அதே பொறியைக் காட்டுப்பாதையில் கம்பியோடு கட்டி 'கட்டுத் துவக்கு' ஆக்கிவிட்டார்கள். அனுமதியில்லாத அந்தக் கண்ணிக்குப் பன்றியும் ஒன்றுதான், விறகுக்குப் போகும் மனிசனும் ஒன்றுதான். கம்பியில் பட்ட காலை அது முழங்காலளவில் உடைத்துவிடுகிறது.