எரிகல் தடங்கள்: ஒளிர்வும் வானொலியும், சிங்கப்பூரிலிருந்து

எரிகல் மறைந்த பின்னும் வானில் எஞ்சும் ஒளியும் மின்னூட்டம் பெற்ற வளிமமும் எரிகல் தடம் எனப்படும். நொடிக்கு 11 முதல் 72 கிலோமீட்டர் வேகத்தில் நுழையும் தூசித் துகள்கள், பெரும்பாலும் 80 முதல் 120 கிலோமீட்டர் உயரத்தில் ஆவியாகி இத்தடத்தை விட்டுச் செல்கின்றன.

வேகமான எரிகல்லின் பின்னால் ஓரிரு நொடி தெரியும் பச்சை, ஆக்சிஜன் அணுக்களுடையது. பெரிய எரிகற்கள் சிலவற்றின் தடம் பல நிமிடங்கள் ஒளிரும். மேல்காற்று அதை வளைத்து முறுக்குவதைக் கண்ணாலேயே பார்க்கலாம். எரிகல் உதிர்த்த இரும்பும் சோடியமும் ஓசோனுடன் வினைபுரிவதால் வரும் ஒளி அது. 2001 நவம்பரில் கிழக்காசிய வானில் கொட்டிய லியோனிட் பொழிவு இத்தகைய தடங்களுக்குப் பேர்போனது.

சிங்கப்பூரில் அந்தக் காட்சி அரிது. 2016இல் வெளியான உலக ஒளிமாசு வரைபடத்தில் நாடுகளில் இதற்கே முதலிடம். கண் இருளுக்கு முழுதாகப் பழக முடியாதபடி இரவு வானம் வெளுத்திருக்கிறது. தேக்காவிலும் சிராங்கூன் சாலையிலும் தீபாவளி விளக்குகள் ஜொலிக்கும் அக்டோபர், நவம்பரில்தான் ஓரியானிட், லியோனிட் பொழிவுகள் வருகின்றன. ஜெமினிட் வரும் டிசம்பரோ மழைக்காலம். ஆகவே இந்நகரத்தாருக்கு ஏற்ற வழி வானொலிதான். அதற்கு மேகமும் பகல் வெளிச்சமும் ஒரு பொருட்டல்ல.

அடிவானத்துக்கு அப்பாலுள்ள பண்பலை ஒலிபரப்பு வழக்கமாக நம்மை எட்டாது. எரிகல் தடத்திலுள்ள எலக்ட்ரான்கள் அந்த அலையைச் சிதறடிக்கும் கணத்தில் மட்டும் வானொலியில் சட்டென ஒரு கீற்றொலி கேட்கும், கணினித் திரையில் ஒரு கோடு விழும். மெல்லிய தடம் ஒரு நொடிக்குள் தேய்ந்துவிடும்; அடர்ந்தது பல நொடி நிற்கும். யாகி ஆண்டெனா, மென்பொருள்வழி வானொலி வாங்கி, மடிக்கணினி போதும். உள்ளூர் நிலையம் இல்லாத அலைவரிசையைத் தேடிப்பிடிப்பதுதான் நெருக்கமான நகரத்தில் பெரும்பாடு.

சிங்கப்பூருக்கு நானூறு கிலோமீட்டருக்குச் சற்று அப்பால், மேற்குச் சுமத்ராவின் கோத்தோதாபாங்கில், 2002 முதல் இயங்கிவந்த எரிகல் ரேடார் இத்தகைய எதிரொலிகளை அளந்தது. தடம் நகரும் வேகம் மேல்காற்றைச் சொல்லும். தேயும் வேகம் வெப்பநிலையைச் சொல்லும். இத்துறையில் இந்தியப் பங்கு பழையது: எரிகல் பொழிவு அயனிமண்டலத்தைப் பாதிப்பதைக் கல்கத்தாவின் எஸ். கே. மித்ராவும் உடனாய்வாளர்களும் 1934இலேயே ‘நேச்சர்’ இதழில் எழுதினர்.

பெரிய எரிகற்களின் தடம் தானே வானொலி அலைகளை உமிழ்வதை அமெரிக்காவின் நியூ மெக்சிகோவில் 2014இல்தான் கண்டறிந்தார்கள். நீடித்து ஒளிரும் தடங்களுக்கும் இந்த உமிழ்வுக்கும் தொடர்புண்டு என 2020இல் வந்த ஆய்வு காட்டியது. அந்த உமிழ்வைப் பிடித்தது நூற்றுக்கணக்கான ஆண்டெனாக்கள் கொண்ட நிலையம். வீட்டு மாடியில் கேட்பது வேறோர் ஒலிபரப்பின் எதிரொலியே.