இரண்டு கணினிகளும் ஒரு கம்பியும்



"பழைய நினைவு ஏதாவது எழுதிக் குடுங்க சார்" என்று மலர்க் குழுவினர் கேட்டார்கள். இரண்டு வீட்டுக் கணினிகளை இணைக்க நாங்கள் பட்ட பாட்டையும், அதன் பின்னால் உள்ள வரலாற்றையும் எழுதுகிறேன்.

அது 1998ஆம் ஆண்டு. எங்கள் வகுப்பு ஒன்றுகூடலுக்கு ஒரு சிறு மலர் போடத் திட்டமிட்டோம். பாதிக் கட்டுரைகளைக் கீழ ராஜ வீதிக்கு அருகே என் வீட்டில் நானும், மீதியைத் திருக்கோகர்ணத்தில் தன் வீட்டில் நண்பரும் தட்டச்சு செய்தோம். ஒன்றுசேர்க்க பிளாப்பியைத்தான் நம்பியிருந்தோம். அதன் கொள்ளளவோ 1.44 எம்.பி. ஸ்கேன் செய்த படங்கள் அதில் அடங்கவில்லை. அடங்கியவையும் பாதியில் படிக்காமல் நின்றன. கடைசியில் நண்பர் கணினியையே ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு வந்து இறங்கினார். "என்னப்பா, சீர்வரிசை மாதிரி தூக்கிட்டு வந்துட்ட?" என்று என் அம்மா கேட்டது இன்னும் காதில் ஒலிக்கிறது.

ரேடியோ ரிப்பேர் கடையில் ஒரு கம்பி பற்றவைத்து வாங்கினோம். ஒரு கணினி அனுப்பும் முனை, மற்றதன் வாங்கும் முனையோடு சேர வேண்டும். அதனால் 2ஆம் முனையும் 3ஆம் முனையும் குறுக்கே மாறிப் போகும். மற்ற முனைகளும் அதற்கேற்ப அமையும். இதற்கு நல் மோடம் கேபிள் என்று பெயர்.

இந்த வித்தை எங்கள் கண்டுபிடிப்பல்ல. 1983லேயே அமெரிக்காவில் லேப்லிங்க் என்ற மென்பொருள் இதற்காக வந்துவிட்டது. 1993ல் எம்.எஸ்.டாஸ் 6 வெளிவந்தபோது இன்டர்லிங்க் என்ற நிரல் அதனுடனேயே கிடைத்தது. விண்டோஸ் 95ல் நேரடிக் கம்பி இணைப்பு வசதியும் வந்தது. பல கணினிகளை இணைக்கும் ஈதர்நெட் முறையை ராபர்ட் மெட்காஃப் 1973லேயே ஜெராக்ஸ் பார்க் ஆய்வகத்தில் முன்மொழிந்திருந்தார். ஆனால் அதற்கான அட்டை எங்கள் கணினிகளில் இல்லை. எங்கள் சீரியல் கம்பியின் உச்ச வேகம் நொடிக்கு 1,15,200 பிட். ஒரு பிளாப்பி அளவு கோப்பு கடக்க இரண்டு நிமிடத்துக்குச் சற்று கூடுதலாகும்.

கோப்புகள் வந்து சேர்ந்தன. திறந்து பார்த்தால் ஒரே கிறுக்கல்! கேள்விக்குறியும் காற்புள்ளியும் ஏதேதோ ஐரோப்பிய எழுத்துகளுமாக இருந்தது. "போச்சுடா, வைரஸ்" என்று பயந்துவிட்டேன். நண்பர் சிரித்தார். அவர் வைத்திருந்த எழுத்துரு என் கணினியில் இல்லை, அவ்வளவுதான். எழுத்துருக் கோப்பையும் கம்பி வழியே அனுப்பினார், தமிழ் தெரிந்தது.

அன்றைய தமிழ்க் கணினியின் பெரிய சிக்கலே இதுதான். ஒவ்வொரு நிறுவனமும் 'அ'வுக்கு ஓர் எண், 'ஆ'வுக்கு ஓர் எண் என்று தன் விருப்பப்படி வைத்துக்கொண்டது. 1999 பிப்ரவரியில் சென்னையில் நடந்த தமிழ்நெட் 99 மாநாட்டை ஒட்டி, தமிழ்நாடு அரசு டாம், டாப் குறியீடுகளையும் தமிழ்99 விசைப்பலகையையும் தரப்படுத்தியது. 1998 பொங்கலன்று முனைவர் கு. கல்யாணசுந்தரம் தொடங்கிய மதுரைத் திட்டம், உலகெங்குமுள்ள தன்னார்வலர்களைக் கொண்டு தமிழ் நூல்களை மின்வடிவாக்கியது; டிஸ்கி குறியீட்டையும் பிறகு யூனிகோடையும் பயன்படுத்தியது. 1991ல் வெளிவந்த யூனிகோடின் முதல் பதிப்பிலேயே தமிழ் இடம்பெற்றிருந்தது. ஆனால் நம் மேசைக்கு அது வந்து சேரப் பல ஆண்டுகள் ஆயின.

நம் மாவட்டத்துச் சித்தன்னவாசலில், ஏழடிப்பட்டத்துச் சமணர் படுக்கையில் தமிழ் பிராமிக் கல்வெட்டு இருக்கிறது. கல் அழியவில்லை; ஆனாலும் அந்த எழுத்தை வாசிக்கத் தெரிந்தவர் இல்லாமல் பல நூற்றாண்டுகள் அது ஊமையாக இருந்தது. கோப்புக்கும் அதே கதிதான்.

இதை நான் உணர்ந்தது சென்ற ஆண்டில். அன்று பக்கம் போதவில்லை என்று நண்பரின் விடுதி வாழ்க்கைக் கட்டுரையை மலரிலிருந்து எடுத்துவிட்டோம். "பரவாயில்லப்பா, அடுத்த மலர்ல போட்டுக்கலாம்" என்றார் அவர். அடுத்த மலர் வரவில்லை, அவரும் மறைந்துவிட்டார். என் பழைய ஹார்டு டிஸ்கில் கட்டுரை கிடைத்தது, மறுபடியும் கிறுக்கலாக. நம் கல்லூரி மாணவி ஒருவர் அது எந்த எழுத்துருவின் குறியீடு என்று கண்டறிந்து, எழுத்துரு மாற்றியில் போட்டு, ஒரே மாலையில் யூனிகோடாக்கிக் கொடுத்தார். அவருக்கு என் நன்றி.

தோழர்களே, உங்கள் அலமாரியில் கிடக்கும் பிளாப்பி, சி.டி., பழைய ஹார்டு டிஸ்க் எதையும் காயலான் கடைக்குப் போட்டுவிடாதீர்கள். ஒன்றுகூடலுக்கு வரும்போது கொண்டு வாருங்கள். வாசிக்க நம் பிள்ளைகள் இருக்கிறார்கள்.

நண்பரின் கட்டுரை இம்மலரின் அடுத்த பக்கத்தில் வெளியாகிறது. கொஞ்சம் தாமதம்தான், ஆனால் ஒரு வரிகூடக் குறைக்கவில்லை.