கிராமம் எனக் கணக்கிடப்படாத ஊர்: இலங்கையின் மத்திய மாகாணமும் அதன் உள்ளூராட்சியும்

இலங்கைத் தீவின் நடுவே உயர்ந்து நிற்கும் மலைநாட்டின் பெரும்பகுதி மத்திய மாகாணத்தில் அடங்கும். கண்டி, மாத்தளை, நுவரெலியா ஆகிய மூன்று மாவட்டங்கள் கொண்ட இம்மாகாணத்தின் பரப்பு 5,674 சதுர கிலோமீட்டர். 2012 கணக்கெடுப்பின்படி மக்கள்தொகை ஏறத்தாழ 25.7 லட்சம். நாட்டின் மிக உயர்ந்த மலையான பிதுருதலாகல (2,524 மீட்டர்) நுவரெலியாவில் உள்ளது. மகாவலி ஆறு இம்மலைகளில் தோன்றித் திருகோணமலைப் பக்கம் கடலில் சேர்கிறது. களனி ஆற்றின் மேற்கிளைகளைத் தடுத்துக் கட்டிய காசல்ரீ, மவுசாக்கலை நீர்த்தேக்கங்களும் இங்குள்ளவையே. வடக்கே மாத்தளை மாவட்டம் படிப்படியாகத் தாழ்ந்து உலர்வலயத்தோடு கலந்துவிடுகிறது. நாம் பேசவிருப்பது பெரும்பாலும் தெற்கே, தேயிலை மூடிய உயர்சரிவுகளைப் பற்றி.

1833இல் ஆங்கிலேயர் தீவை ஐந்து மாகாணங்களாகப் பிரித்தபோது மத்திய மாகாணம் உருவானது. பின்னர் அதிலிருந்து ஊவா 1886இல் பிரிந்தது. இடைப்பட்ட காலத்தில் 1840ஆம் ஆண்டின் முடிக்குரிய நிலங்கள் சட்டத்தின் வழியாக, உரிமைப்பத்திரம் காட்ட இயலாத காடும் சேனை நிலமும் அரசுடைமையாகித் தோட்ட முதலாளிகளின் கைக்குச் சென்றன. முதலில் கோப்பி, 1867 முதல் தேயிலை. கண்டிய விவசாயி நிலத்தை இழந்தார். அந்த நிலத்தில் உழைக்கக் கொண்டுவரப்பட்ட தமிழகத்துத் தொழிலாளிக்கு எந்நிலமும் கிடைக்கவில்லை. வந்தவர்களில் பெரும்பகுதியினர் பள்ளர், பறையர், அருந்ததியர். பெரிய கங்காணிகளோ பெரும்பாலும் அவர்களுக்கு மேலே வைக்கப்பட்ட சாதியினர். கடல் கடந்தும் ஊரும் சேரியும் கூடவே வந்தன. லயங்களை ஒதுக்குவதிலும் சாதி பார்க்கப்பட்டது.

இன்றைய ஆட்சியமைப்பு இரு தடங்களில் ஓடுகிறது. ஒன்று கொழும்பிலிருந்து இறங்குவது: மாவட்டச் செயலகம், பிரதேச செயலகம், கிராம உத்தியோகத்தர். மற்றொன்று தேர்தல் வழி வருவது: மாகாண சபை, அதன் கீழ் மாநகர சபை, நகர சபை, பிரதேச சபை. 13ஆம் திருத்தம் உள்ளூராட்சியை மாகாணங்களின் பட்டியலில் வைத்தது. ஆனால் சபைகளின் அமைப்பையும் வடிவத்தையும் தீர்மானிக்கும் அதிகாரத்தை நாடாளுமன்றமே வைத்துக்கொண்டது. மத்திய மாகாண சபையின் பதவிக்காலம் 2018இல் முடிந்தது. அதன்பின் தேர்தல் நடக்காமல் ஆளுநரே மாகாணத்தை நிர்வகித்து வருகிறார்.

மேற்சொன்ன அதிகாரப் பிரிவின் விளைவு 1987ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கப் பிரதேச சபைகள் சட்டத்தில், குறிப்பாக அதன் 33ஆம் பிரிவில், தெளிவாகத் தெரிகிறது. சாலை, கிணறு போன்ற பொது வசதிகளைச் சபை கிராமத்தவருக்குச் செய்து தருவது பற்றிய பிரிவு அது. தோட்டக் குடியிருப்புகள் ‘கிராமம்’ என்ற சொல்லுக்குள் வரமாட்டா என்றே அது நடைமுறையில் பொருள்கொள்ளப்பட்டது. ஆகவே தோட்டத் தொழிலாளி பிரதேச சபைக்கு வாக்களிக்கலாம், உறுப்பினராகலாம், தவிசாளராகவும் ஆகலாம். ஆனால் தான் குடியிருக்கும் லயத்துக்குப் போகும் பாதையில் சபையின் பணத்தைக் கொண்டு ஒரு வண்டி கல் கொட்ட முடியாது. தோட்டப் பாதை நிர்வாகத்தின் பாதை. தண்ணீர் நிர்வாகத்தின் தண்ணீர். ஊரில் வரி வாங்கிச் சேரிக்கு விளக்குப் போடாத பஞ்சாயத்துகளை அறிந்த நமக்கு இது அந்நியமான செய்தியன்று. வேறுபாடு ஒன்றுதான்: அங்கே வழக்கம் செய்த வேலையை இங்கே சட்டத்தின் சொல்லே செய்தது.

இதற்கு முன்வரலாறும் உண்டு. 1930களின் இறுதியிலேயே கிராமச் சங்கத் தேர்தல்களில் தோட்டத்தில் வாழும் இந்தியத் தொழிலாளர்க்கு வாக்கு மறுக்கப்பட்டது. 1948ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டம் அவர்களை நாடற்றவர்களாக்கியது. மறு ஆண்டு நாடாளுமன்ற வாக்குரிமையும் போயிற்று. 1964இன் சிறீமா–சாஸ்திரி ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவுக்கும் 3,00,000 பேரை இலங்கைக்கும் எனப் பங்கிட்டது. எஞ்சியோரின் சிக்கல் 2003ஆம் ஆண்டுச் சட்டத்தோடுதான் பெருமளவு தீர்ந்தது. பிரதேச சபைகள் 1988இல் இயங்கத் தொடங்கியபோது இம்மக்களில் பலர் இன்னும் குடிமக்களே அல்லர்.

எண்ணிக்கையிலும் அநீதி இருந்தது. நுவரெலியா மாவட்டத்தில் மலையகத் தமிழர் பாதிக்கு மேல். அங்கே அம்பகமுவ, நுவரெலியா என்னும் இரு பிரதேச சபைகளின் எல்லைக்குள் தலா இரண்டு லட்சம் மக்களளவில் வாழ்ந்தனர். நீண்ட கோரிக்கைக்குப் பின் அவை பிரிக்கப்பட்டு, நோர்வூட், மஸ்கெலியா, கொட்டகலை, அக்கரப்பத்தனை ஆகிய நான்கு புதிய சபைகள் தோன்றின. 2018 பிப்ரவரித் தேர்தல் அவற்றுக்கும் சேர்த்தே நடந்தது. மாவட்டத்தின் பிரதேச சபைகள் ஐந்திலிருந்து ஒன்பதாயின.

அதே 2018இல் 30ஆம் இலக்கத் திருத்தச் சட்டம் 33ஆம் பிரிவை மாற்றித் தோட்டங்களுக்குள்ளும் சபை நிதியைச் செலவிட வழி திறந்தது. முப்பது ஆண்டு தாமதமாயினும் இது வெற்றியே. மலையக அமைப்புகளின் உழைப்பு அதில் இருக்கிறது. ஆனால் நிலம் மாறவில்லை. 1970களின் நிலச் சீர்திருத்தம் தோட்டங்களை அரசுடைமையாக்கியது. 1992இல் தொடங்கிய தனியார்மயம் அவற்றின் நிர்வாகத்தைப் பெருந்தோட்டக் கம்பனிகளிடம் ஒப்படைத்தது; குத்தகை 2045 வரை நீள்கிறது. ஒரு லயத்தின் பின்புறம் மண் சரியத் தொடங்கினால் பொறுப்பு யாருடையது? கம்பனி அரசு நிலம் என்கிறது, அரசு குத்தகை நிலம் என்கிறது, பிரதேச சபையோ அனுமதி கேட்டு நிற்கிறது. பக்கத்து ஊவா மாகாணத்தின் மீரியபெத்தையில் 2014 அக்டோபர் 29 காலையில் லயங்கள் மண்ணுக்குள் போன பின்பும் இக்கேள்விக்குச் சட்டம் நேரான விடை தரவில்லை.

தோட்டத்துக்கு வெளியே போனால் நிலைமை மாறிவிடும் என்று நினைப்பதற்கும் இடமில்லை. கண்டி நகரின் மகியாவையில் வாழும் அருந்ததியர், மாநகரத் துப்புரவுப் பணிக்கென்று கொண்டுவரப்பட்டவர்களின் வழியினர். மாநகர சபையின் எல்லைக்குள் வாழ்கிறார்கள், அதன் வேலையையே தலைமுறைகளாகச் செய்கிறார்கள். நெருக்கமான குடியிருப்பும் சாதிப் பெயரால் வரும் இழிவும் அவர்களை விட்டுப் போகவில்லை. இங்கே ‘கிராமம்’ என்ற சொல்லின் தடை கிடையாது. சாதி போதுமானதாக இருக்கிறது. மலையகப் பிரச்சினையை இனப் பிரச்சினையாக மட்டும் எழுதுவோர் மகியாவையை ஒருமுறை பார்த்துவிட்டு எழுதலாம்.

களத்தில் இறங்க விரும்பும் மாணவர்க்கு ஒரு வேலை இருக்கிறது. 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் எந்தப் பிரதேச சபையிடமும் கணக்குக் கேட்கலாம். திருத்தத்துக்குப் பின் தோட்ட வட்டாரங்களில் ஆண்டுதோறும் செலவான தொகை எவ்வளவு, எந்தெந்தப் பாதைக்கு, எத்தனை முறை தோட்ட நிர்வாகம் மறுத்தது என்று வட்டாரவாரியாகக் கேட்க வேண்டும். சபைக்குச் சட்டம் தந்திருக்கும் ஏக்கர் வரி அதிகாரம் தோட்ட நிலங்கள் மீது பயன்படுத்தப்பட்டதா என்பதையும் அதே விண்ணப்பத்தில் சேர்த்துக்கொள்ளலாம். விண்ணப்பம் தமிழிலேயே இருக்கலாம்.