பாத்திரமேற்கும் வீடியோ விளையாட்டுக்களும் புதுமுக ஆட்டக்காரரும் – ஒரு வரலாற்று நோக்கு

எந்தக் கலைவடிவமும் தன்பால் முதன்முதலாக வருவோரை எவ்வாறு வரவேற்கின்றது என்பது அதன் வரலாற்றை நிர்ணயிக்கும் காரணிகளுள் ஒன்றாகும். வாயில் மிகக் குறுகியதாயின் அக்கலை ஒரு சிறு குழுவினரின் மறைபொருளாய் முடங்கிவிடும். வாயிலை அகலமாக்குவதாகக் கூறி உள்ளிருக்கும் பொருளையே அகற்றிவிடின், வந்தவர்க்குக் காண எதுவும் எஞ்சாது. இவ்விரு இடர்களையும் ஒருங்கே எதிர்நோக்கிய ஒரு புதிய வடிவம், 'ரோல் பிளேயிங் கேம்' என வழங்கும் பாத்திரமேற்கும் வீடியோ விளையாட்டாகும். ஆட்டக்காரர் ஒரு பாத்திரத்தைத் தமதாக ஏற்று, கற்பனையுலகு ஒன்றிற் பயணஞ் செய்து, உரையாடியும் போரிட்டும் அப்பாத்திரத்தின் ஆற்றலைப் படிப்படியாக வளர்த்துச் செல்வதே இவ்வகையின் பொதுப்பண்பு. விதிகள் பல, முடிப்பதற்கு எடுக்கும் நேரமும் நீண்டது. ஆகவே, முதன்முதலாக ஆட முற்படுபவர் எதனைத் தெரிவு செய்ய வேண்டும் என்ற வினா இயல்பாகவே எழுகின்றது. மிக இலகுவானது எதுவோ அதுவே பொருத்தமானது என்பது பலரும் கூறும் விடை. இவ்விடை எவ்வளவு தூரம் ஏற்புடையது என்பதை வரலாற்று அடிப்படையில் ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

இவ்வகையின் மூலம் கணினியில் அன்று, மேசையில் உள்ளது. 1974ஆம் ஆண்டில் ஐக்கிய அமெரிக்காவில் கேரி கைகாக்ஸ், டேவ் ஆர்னிசன் ஆகிய இருவரும் 'டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ்' என்னும் விளையாட்டை வெளியிட்டனர். தாள், எழுதுகோல், பகடை ஆகியவற்றைக் கொண்டு நண்பர் பலர் கூடியிருந்து ஆடும் ஆட்டம் அது. அதன் விதிகள் மூன்று சிறு நூல்களாக ஒரு பெட்டியில் வெளிவந்தன. ஆயின், போர்க்கள மாதிரி விளையாட்டுக்களில் முன்னரே பயின்றோருக்கே அவை விளங்கத்தக்கனவாக இருந்தன. இக்குறையை உணர்ந்து, தென் கலிபோர்னியப் பல்கலைக்கழகத்தில் நரம்பியற் பேராசிரியராக விளங்கிய எரிக் ஹோம்ஸ், தொடக்க நிலையினருக்கான நூலொன்றைத் தாமே முன்வந்து தொகுத்தார். 1977இல் வெளியான அத்தொகுப்பு முதல் மூன்று படிநிலைகளுக்குரிய விதிகளை மட்டுமே கூறியது. 1983இல் பிராங்க் மென்ட்சர் மேலும் ஒருபடி சென்றார். அவரது தொகுப்பைத் திறக்கும் வாசகர் முதலிற் காண்பது விதிகளை அன்று, தனியொருவராக வாசித்து ஆடத்தக்க ஒரு கதையையே. கதை நகர நகர, தேவைப்படும் இடத்தில் தேவைப்படும் விதி மாத்திரம் கற்பிக்கப்பட்டது. அரிச்சுவடி ஒன்றின் அமைப்பு இதுவே எனலாம்.

கணினியிலோ இவ்வரலாறு வேறு திசையிற் சென்றது. இதன் முதல் முயற்சிகள் பல்கலைக்கழகங்களிலேயே தோன்றின என்பது நமது கவனத்திற்குரியது. இலினோய் பல்கலைக்கழகத்தின் 'பிளேட்டோ' என்னும் கல்விக் கணினி அமைப்பில் 1975ஆம் ஆண்டளவில் மாணவர் இத்தகைய விளையாட்டுக்களை எழுதினர். பாடப் பயன்பாட்டிற்குரிய இடத்தை அவை பிடித்துக்கொண்டமையால் அழிக்கப்பட்டதும் உண்டு. 1981இல் கோர்னெல் பல்கலைக்கழக மாணவராயிருந்த அன்ட்ரூ கிறீன்பேர்க், ரொபேட் வூட்ஹெட் ஆகியோர் அப்பிள் கணினிக்கென ஆக்கிய 'விசார்ட்ரி' வெளிவந்தது. ரிச்சர்ட் கேரியட்டின் 'அல்டிமா'வும் அதே ஆண்டிற்குரியது. இவ்விரண்டும் பிற்கால வளர்ச்சிக்கு அடித்தளமாயின. ஆயினும் 'விசார்ட்ரி' புதியவரிடம் எதிர்பார்த்தவை சிறிதல்ல. ஆறு பாத்திரங்களை முதலிலேயே உருவாக்க வேண்டும். பத்துத் தளங்களைக் கொண்ட இருண்ட சுரங்கத்தை வரைபுத்தாளில் தாமே வரைந்துகொள்ள வேண்டும். மந்திரங்களின் பெயர்களைக் கைநூலிற் பார்த்து எழுத்தெழுத்தாகப் பதிக்க வேண்டும். இறந்த பாத்திரத்தை உயிர்ப்பிக்கும் முயற்சி தவறின் அது சாம்பலாகி, பின்னர் நிரந்தரமாக மறைந்துபோகவும் கூடும். பல வார உழைப்பு ஒரு கணத்தில் இல்லாதொழியும். தேர்ந்தோர்க்கு இது ஈர்ப்பாகவும், புதியோர்க்கு மதிலாகவும் அமைந்தது.

இம்மதிலில் வாயில் அமைத்த நாடு யப்பானாகும். 1984இல் ஹென்க் ரோஜர்ஸ் 'பிளாக் ஒனிக்ஸ்' என்னும் விளையாட்டை அங்கு வெளியிட்டபோது, இவ்வகை யாதென்பதே பலருக்கு விளங்கவில்லை. அவர் சஞ்சிகை அலுவலகங்களுக்கு நேரிற் சென்று, ஆசிரியர்களைக் கணினியின் முன் இருத்தி, பாத்திரம் ஒன்றை உருவாக்கச் செய்து விளக்க நேர்ந்தது. இதே காலத்தில், எழுத்தாளராகத் தொழில் செய்துகொண்டிருந்த யூஜி ஹொரி என்பவர் 'விசார்ட்ரி'யிலும் 'அல்டிமா'விலும் ஈடுபாடு கொண்டிருந்தார். 'எனிக்ஸ்' நிறுவனம் நடத்திய நிரலாக்கப் போட்டியில் அவரும் கொயிச்சி நகமுராவும் பரிசு பெற்றவர்கள். இவர்கள் கூட்டாக உருவாக்கி 1986 மே 27இல் வெளியிட்ட 'டிராகன் குவெஸ்ட்' நமது வினாவுக்கு மிகச் சிறந்த வரலாற்றுச் சான்றாகும்.

இவ்விளையாட்டு வெளிவந்தது கணினிக்கு அன்று. நின்டெண்டோ நிறுவனம் 1983இல் வெளியிட்ட 'பமிகொம்' என்னும் வீட்டு விளையாட்டுக் கருவிக்கு. அதற்கு விசைப்பலகை இல்லை. கையில் ஏந்தும் சிறு கட்டுப்பாட்டுப் பலகையில் திசைகாட்டும் பொத்தானும் வேறு சில பொத்தான்களுமே இருந்தன. கார்ட்ரிட்ஜின் கொள்ளளவு 64 கிலோபைட்டு மாத்திரமே. இடத்தைச் சேமிப்பதற்காக யப்பானிய 'கத்தகானா' வரிவடிவில் ஏறத்தாழ 20 எழுத்துக்களையே பயன்படுத்தி, மந்திரங்களுக்கும் அரக்கர்களுக்கும் பெயரிட்டனர். பல மணி நேர ஆட்டத்தின் நிலை 20 எழுத்துக்கொண்ட ஒரு மந்திரச் சொல்லாகத் தரப்பட்டது. அதனைக் குறித்து வைத்துப் பின்னர் பதித்து ஆட்டத்தைத் தொடரலாம்.

இத்தகைய நெருக்கடிக்குள் ஹொரி செய்த ஏற்பாடுகள் கூர்ந்து நோக்கத்தக்கவை. ஆறு பாத்திரங்களுக்குப் பதிலாக ஒரு வீரன். ஒரு வேளையில் ஓர் எதிரி. செய்யத்தக்க செயல்கள் யாவும் பேசு, பார், எடு, கதவைத் திற என்பன போன்ற எட்டுக் கட்டளைகளாகத் திரையிலேயே பட்டியலிடப்பட்டன. ஆட்டம் அரசனின் சபாமண்டபத்தில் தொடங்குகின்றது. அம்மண்டபத்தின் கதவு பூட்டியிருக்கும். அங்குள்ள பெட்டிகளைத் திறந்து சாவியை எடுத்து, கதவைத் திறந்து, படிக்கட்டில் இறங்கினாலன்றி வெளியேற இயலாது. ஆகவே, வெளியே காலடி வைக்கும்போது அடிப்படைக் கட்டளைகளுட் பலவற்றை ஆட்டக்காரர் அறியாமலே கற்றிருப்பார். வெளியே முதலில் எதிர்ப்படும் 'ஸ்லைம்' என்னும் அரக்கனோ, அகிரா தொரியாமாவின் கைவண்ணத்தில் புன்னகைக்கும் நீர்த்துளியாய் அமைந்தது. அத்தகைய ஏழினை வென்றாலே இரண்டாம் படிநிலை கிட்டும். இறுதிப் பகைவனின் கோட்டை தொடக்கத்திலேயே நீர்ப்பரப்பின் மறுகரையில் கண்ணுக்குத் தெரியும். சென்றடையும் வழிதான் நீண்டது. பாலங்களைக் கடக்குந்தோறும் எதிரிகள் வலிமை பெறுவர் என்பதனால், எல்லைகளும் சொல்லாமலே உணர்த்தப்பட்டன.

இவை அனைத்தினும் முக்கியமானது தோல்வியைப் பற்றிய விதியாகும். வீரன் வீழ்ந்தால் கையிலுள்ள பொன்னில் பாதியை இழந்து அரசன் முன் மீள்வான். ஆனால் ஈட்டிய அனுபவப் புள்ளிகளை இழக்கமாட்டான். தோல்விக்கு விலை உண்டு, கற்றதற்கு அழிவில்லை. 'விசார்ட்ரி'க்கும் இதற்குமுள்ள வேறுபாடு இவ்வொரு விதியிலேயே அடங்கியுள்ளது எனின் மிகையாகாது. அதே வேளையில் 'டிராகன் குவெஸ்ட்' இலகுவான விளையாட்டுமன்று. முடிவை அடையப் பொறுமையும் திட்டமும் வேண்டும். ஊரவர் கூறும் குறிப்புக்களைப் பொருத்திப் பார்க்கும் அறிவும் வேண்டும்.

விற்பனை தொடக்கத்தில் மந்தமாக இருந்தது. ஹொரி தாம் எழுதிவந்த 'ஷோனென் ஜம்ப்' சஞ்சிகையில் இவ்விளையாட்டைப் பற்றிய விளக்கங்கள் வெளிவந்தமை சிறுவரிடையே இதனைப் பரப்ப உதவிற்று. 1987இல் வெளிவந்த இரண்டாம் பாகத்தில் மூவர் அணி அறிமுகமாயிற்று. அங்கும் ஒருவராகத் தொடங்கி ஒவ்வொருவராகவே சேர்ந்தனர். 1988 பெப்ரவரி 10இல் வெளிவந்த மூன்றாம் பாகத்திலேயே நால்வர் கொண்ட அணியையும் அவர்தம் தொழில்களையும் ஆட்டக்காரரே தெரிவு செய்யும் முறை வந்தது. அதாவது, 1981இல் 'விசார்ட்ரி' முதல் நாளிலேயே கேட்டதற்கு நிகரான ஒன்றை ஹொரி மூன்றாம் ஆண்டிலேயே கேட்டார். மூன்று பாகங்களும் சேர்ந்து ஒரு முழுமையான பாடத்திட்டமாக அமைந்தன. எதுவும் நீக்கப்படவில்லை, யாவும் உரிய காலம் வரை பிற்போடப்பட்டன.

இதற்கு நேர்மாறான முயற்சியொன்றும் வரலாற்றில் உண்டு. 'டிராகன் குவெஸ்ட்' 1989இல் 'டிராகன் வாரியர்' என்னும் பெயரில் வட அமெரிக்காவுக்குச் சென்றது. பழைய ஆங்கில நடையில் அமைந்த அதன் உரையாடல் புதியோர்க்கு வேண்டாததொரு சுமையாயிற்று. எதிர்பார்த்த அளவு விற்பனையாகாத நிலையில், நின்டெண்டோ தனது சஞ்சிகையின் சந்தாதாரர்களுக்கு அதனை அன்பளிப்பாகவே வழங்கியது. இவ்வகை அமெரிக்கருக்குக் கடினமானது என்ற கருத்து இக்காலத்தில் வலுப்பெற்றது. அக்கருத்தின் விளைவே, 'ஸ்குவயர்' நிறுவனம் தொடக்க நிலையினருக்கென்றே ஆக்கி 1992இல் அமெரிக்காவில் வெளியிட்ட 'பைனல் பேண்டசி மிஸ்டிக் குவெஸ்ட்'. அதில் புதிய ஆயுதம் கிடைத்ததும் தானாகவே அணியப்படும். துணைவனைத் தானாகவே போரிட விடலாம். தோற்ற போரை உடனே மீள ஆடலாம். உலகில் நினைத்த வழியே திரியாது குறித்த பாதைகளிலேயே செல்லலாம். எனினும் அது எதிர்பார்த்த வெற்றியைப் பெறவில்லை. அதன் இசையை இரசித்தோரும் அதன் மூலம் இத்துறைக்குள் வந்தோரும் உண்டு. எதிரியை முன்கூட்டியே கண்ணாற் காணும் முறையும், தோற்ற இடத்திலேயே மீள ஆடும் முறையும் பின்னர் பொதுவழக்காயின. ஆகவே அதனை முற்றாகப் பழித்தல் நீதியன்று. அதன் குறை, தெரிவு செய்யும் பொறுப்பையே புதியவரிடமிருந்து எடுத்துக்கொண்டமையாகும். பாத்திரத்தை ஏற்று நடத்தும் விளையாட்டிற் பாத்திரத்தின் முடிவுகளை வேறொருவர் எடுப்பாராயின், அங்கு கற்பதற்கு என்ன இருக்கின்றது?

1996இல் யப்பானில் வெளிவந்த 'பொக்கிமொன்' இவ்வினாவுக்கு நுட்பமான விடையளித்தது. தொடக்கத்தில் மூன்று உயிரினங்களுள் ஒன்றைத் தெரியுமாறு ஆட்டக்காரர் கேட்கப்படுகின்றார். முதலில் எதிர்ப்படும் தலைவர் இருவரும் பாறை, நீர் ஆகிய இனங்களுக்குரியோராதலின், புல்லினத்தைத் தெரிந்தவருக்குப் பாதை எளிது. நெருப்பினத்தைத் தெரிந்தவருக்கு அரிது. கடினத்தின் அளவு கதைக்குள்ளேயே ஒரு தெரிவாக அமைந்துவிடுகின்றது. 2024இல் மறுவடிவம் பெற்ற 'டிராகன் குவெஸ்ட்' மூன்றாம் பாகத்தில் கடினத்தின் அளவை வெளிப்படையாகவே மூன்றாக வகுத்துள்ளனர். அவற்றுள் மிக எளியதில் வீரர்கள் வீழ்வதேயில்லை. ஆயினும் அணியை அமைப்பதும் வழியைக் காண்பதும் அங்கும் ஆட்டக்காரரின் பொறுப்பே.

மேற்கூறியவற்றிலிருந்து, புதியவர் ஒருவர் தமக்குரிய விளையாட்டைத் தெரிவு செய்கையில் நோக்கத்தக்கவற்றைத் தொகுத்துக் கூறலாம். முதலாவது, கைநூலை நாடாமலே முதல் அரைமணி நேரத்தில் செயலின் மூலம் அது எதனைக் கற்பிக்கின்றது என்பது. இரண்டாவது, தோல்வியின்போது அது எதனைப் பறிக்கின்றது, எதனை விட்டுவைக்கின்றது என்பது. மூன்றாவது, தொடக்கத்தில் தெரிவுகள் சிலவாக இருந்து பின்னர் பெருகுகின்றனவா என்பது. நான்காவது, அதன் மொழிநடை வாசிப்போர்க்கு எட்டத்தக்கதா என்பது. கதையும் குறிப்பும் மொழியாலேயே நிகழும் இவ்வகையில் இது சிறிய காரணியன்று. இந்நான்கும் அமைந்த விளையாட்டு ஓரளவு கடினமாயிருப்பினும் புதியோர்க்கு உகந்ததே. இவை அமையாதது எவ்வளவு இலகுவாயிருப்பினும் உகந்ததாகாது.

ஹோம்ஸ், மென்ட்சர், ஹொரி ஆகிய மூவரும் வெவ்வேறு சூழலில் இயங்கியவர்கள். ஆயினும் புதியவரைப் பற்றிய அவர்களது மதிப்பீடு ஒன்றாகவே இருந்தது. புதியவர் அறிவிற் குறைந்தவர் அல்லர். இன்னும் சொல்லிக்கொடுக்கப்படாதவர் மட்டுமே. இவ்வேறுபாட்டை உணர்ந்து அமைக்கப்பட்ட வாயில்களின் வழியாகவே, ஒரு சிலரின் பொழுதுபோக்காயிருந்த இவ்வகை கோடிக்கணக்கானோருக்கு உரியதாயிற்று. கற்பித்தலைத் தொழிலாகக் கொண்டோரும் கற்றலை மேற்கொண்டோரும் இவ்வரலாற்றை விளையாட்டுக்குரிய செய்தியென்று மாத்திரம் எண்ணி ஒதுக்கிவிடுதல் பொருந்தாது.