மலையிறக்கத்தில் கிடைத்த பிரேக்

அமெரிக்காவில் ஓய்வு பெற்றவர்கள் பலர் வீட்டையே பஸ்ஸாக்கிக்கொண்டு ஊர் சுற்றுகிறார்கள். மோட்டார் ஹோம் என்று பெயர். கட்டில், அடுப்பு, குளியலறை எல்லாம் உள்ளேயே இருக்கும். பெரிய டீசல் வண்டி என்றால் எடை 15 டன்னைத் தாண்டும். பின்னால் ஒரு காரையும் கட்டி இழுப்பார்கள். இத்தனை பாரத்தோடு மலையிறங்கும்போது எப்படி நிறுத்துகிறார்கள் என்று தேடப்போய்த்தான் இந்தக் கதை கிடைத்தது.

1931 ஆகஸ்ட். டீசல் எஞ்சினை யாரும் நம்பாத காலம். கிளெஸ்ஸி கம்மின்ஸ், தன் டீசல் எஞ்சின் பொருத்திய லாரியில் இரண்டு பேரோடு நியூயார்க்கிலிருந்து லாஸ் ஏஞ்சல்ஸுக்குக் கிளம்பினார். சாதனை ஓட்டம்! கலிஃபோர்னியாவின் கஜோன் கணவாயில் இறங்கும்போது வண்டி வேகமெடுத்துவிட்டது. பிரேக் தாங்கவில்லை. கீழே ரயில்வே கிராஸிங், அதில் போய்க்கொண்டிருக்கிறது ஒரு சரக்கு ரயில். அதன் கடைசிப் பெட்டி கடந்த மறுநொடி லாரி தண்டவாளத்தைத் தாண்டியது. மயிரிழை என்பார்களே, அதுதான்.

அவரைக் காப்பாற்றாதது அவருடைய எஞ்சினேதான். தெர்மோ வகுப்பில் தூங்காதவர்களுக்குப் புரியும் (தூங்கியவர்களுக்காக நான் சொல்கிறேன்). பெட்ரோல் வண்டியில் ஆக்ஸிலேட்டரை விட்டால் காற்று வரும் வழி அடைபடும். பிஸ்டன் மூச்சுத் திணறும், வண்டி மெதுவாகும். டீசலில் அந்த அடைப்பு கிடையாது. பிஸ்டன் சிரமப்பட்டுக் காற்றை அழுத்தும். அழுந்திய காற்று அதே பிஸ்டனைத் திருப்பித் தள்ளிவிடும். கொடுத்த கடன் முழுசாகத் திரும்பி வந்துவிடுவதால் வண்டி வேகம் குறைவதே இல்லை. பாரம் முழுக்க சக்கர பிரேக்கின் மேல் விழுகிறது. அது சூடேறி ஒரு கட்டத்தில் பிடிப்பே இல்லாமல் போகும்.

கம்மின்ஸ் அந்த இறக்கத்தை மறக்கவில்லை. 1950களில், ஓய்வுக்காலத்தில் விடை பிடிபட்டது. பிஸ்டன் மேலே போய்க் காற்றை முழுக்க அழுத்திய நொடியில் எக்ஸாஸ்ட் வால்வைத் திறந்துவிட்டால்? காற்று வெளியே ஓடிவிடும், திருப்பித் தள்ள எதுவும் இருக்காது. ஆக, எஞ்சின் வண்டியின் வேகத்தைத் தின்னும் கம்ப்ரஸர் ஆகிவிடும். சரியான நொடியில் வால்வைத் திறப்பது எப்படி? எரிபொருளைப் பீய்ச்சும் இன்ஜெக்டரை இயக்க அவருடைய எஞ்சினில் ஏற்கனவே ஒரு கேம் இருந்தது. அது அசைவதும் அதே நொடியில்தான்! அந்த அசைவை ஆயில் அழுத்தம் வழியாக வால்வுக்கு மாற்றினார். எனக்கு இந்தக் கதையிலேயே ரொம்பப் பிடித்த இடம் இதுதான். விடை 20 வருடத்துக்கு மேலாக அவர் எஞ்சினுக்குள்ளேயே இருந்திருக்கிறது.

1961-ல் இதைத் தயாரித்து விற்க வந்தது, டிரில்லிங் மெஷினுக்கு சக் செய்துகொண்டிருந்த ஜேக்கப்ஸ் கம்பெனி. அதனால்தான் இது 'ஜேக் பிரேக்' ஆனது. கம்மின்ஸுக்கு 1965-ல் காப்புரிமை கிடைத்தது. 1968-ல் காலமானார்.

இன்று பெரிய டீசல் மோட்டார் ஹோம்களில் இது டேஷ்போர்டில் ஒரு சுவிட்ச். சிலவற்றில் ஜேக்குக்குப் பதிலாக, புகை போகும் குழாயை அடைக்கும் எக்ஸாஸ்ட் பிரேக் இருக்கும். அதன் பிடி பொதுவாகக் கொஞ்சம் குறைவு. முறை என்னவென்றால், இறக்கம் தொடங்கும் முன்பே வேகத்தைக் குறைத்து, கியரை இறக்கி, சுவிட்சைப் போட்டுவிட வேண்டும். கால் பிரேக்கில் காலை வைத்துக்கொண்டே இறங்கக் கூடாது. 40 மைல்தான் பாதுகாப்பு என்றால், 40-ஐத் தொட்டதும் அழுத்தி 35-க்குக் கொண்டுவந்து விட்டுவிட வேண்டும், பிரேக் ஆறட்டும். மழையில் வழுக்கும் சாலையென்றால் சுவிட்சை அணைத்துவிடுவார்கள், ஏனென்றால் எஞ்சின் பிடிப்பது ஓட்டும் சக்கரங்களை மட்டும்தான். அவை சறுக்கினால் வண்டி திரும்பிக்கொள்ளும்.

ஒரே குறை சத்தம். அழுந்திய காற்று வெடித்துக்கொண்டு வெளியேறுவதால், சைலன்சர் சரியில்லாத லாரிகளில் மெஷின் கன் சுடுவது போலக் கேட்கும். அமெரிக்காவில் பல ஊர்களின் எல்லையில் 'எஞ்சின் பிரேக் போடாதே' என்றே பலகை வைத்திருக்கிறார்கள். கஜோன் கணவாய் வழியாக இப்போது இன்டர்ஸ்டேட் 15 போகிறது. மோட்டார் ஹோம் தாத்தாக்கள் சுவிட்சைத் தட்டிவிட்டு இறங்குவது அந்த வழியாகவும்தான்.