துண்டுக்குள் இருந்த விலை: ஓசூர் உழவர் சந்தையின் கதை

பெங்களூருவிலிருந்து ஓசூர், கிருஷ்ணகிரி வழியா ஊருக்குப் போற நண்பர்கள் அடிக்கடி ஒரு கேள்வி கேட்பாங்க. "வழியில லோக்கல் காய்கறி, சிறுதானியம் எல்லாம் வாங்க எங்க நிறுத்தலாம்? கொஞ்சம் சஸ்டைனபிளா?" என் பதில் எப்பவும் ஒண்ணுதான். ஓசூர் உழவர் சந்தை, காலை ஆறு மணி. "அட, அது கவர்மெண்ட் மார்க்கெட்டாச்சே"ன்னு முகம் வாடிடும். மூங்கில் கூடை, கையெழுத்துப் பலகை, கேழ்வரகு குக்கீஸ் எல்லாம் எதிர்பார்த்திருப்பாங்க போல.

சஸ்டைனபிள் என்ற சொல் யாருக்கும் பழக்கமாகாத காலத்துல கட்டின சந்தை அது. அன்னைக்கு இருந்த கவலை வேற: தராசை யார் பிடிக்கிறது, விலையை யார் சொல்றது? அந்தக் கேள்விக்கு வயசு ரொம்ப அதிகம்.

1928-இல் லின்லித்கோ தலைமையிலான ராயல் விவசாயக் கமிஷன் தன் அறிக்கையைக் கொடுத்தது. சந்தைகளைப் பற்றிய பகுதியில் வரும் புகார்களை இன்றைக்கும் எந்த மண்டி வாசலிலும் கேட்கலாம். கள்ள எடை, சாம்பிள் என்று அள்ளிக்கொள்ளும் கைப்பிடிகள், தர்மக் கணக்கு என்ற பெயரில் பிடித்தம். விலை பேசும் முறை இன்னும் விசேஷம். பல சந்தைகளில் தரகரும் வாங்குபவரும் ஒரு துணிக்கு அடியில் விரல்களைப் பிடித்தே விலையை முடித்துவிடுவார்கள். சரக்குக்குச் சொந்தக்காரன் பக்கத்திலேயே நிற்பான், அவனுக்கு மட்டும் விலை தெரியாது. நம்ம ஊர் மாட்டுச் சந்தைகளில் துண்டுக்குள் விரல் பிடிக்கும் பழக்கத்தை நீங்களே பார்த்திருக்கலாம்.

சென்னை மாகாணம் 1933-இல் ஒரு சட்டம் கொண்டுவந்தது. அதன் பெயரிலேயே விஷயம் இருக்கிறது: வணிகப் பயிர்ச் சந்தைச் சட்டம். பருத்தி, நிலக்கடலை, புகையிலை, அதாவது ஆலைக்கும் கப்பலுக்கும் போகும் சரக்கு. பின்னாடி 1959-லயும் 1987-லயும் சட்டங்கள் மாறின, ஒழுங்குமுறை விற்பனைக் கூடங்கள் பெருகின. ஆனா தக்காளியும் கத்திரிக்காயும் பெரும்பாலும் கமிஷன் மண்டியிலேயே நின்னுடுச்சு. காரணம் புரியுது. நிலக்கடலை மூட்டையை ஒரு வாரம் அடுக்கி வைத்து விலைக்குக் காத்திருக்கலாம். பறித்த கீரை மத்தியானம் வரை தாங்காது. அழுகும் சரக்கு வைத்திருப்பவனுக்குப் பேரம் பேச நேரமே கிடையாது.

அந்த ஓட்டையை அடைக்கும் முயற்சி பஞ்சாபில் 1987-இல் 'அப்னி மண்டி' என்ற பெயரில் தொடங்கியது. விவசாயி நேரடியாக நகரத்தாருக்கு விற்கும் சந்தை. 1999 ஜனவரியில் ஆந்திரத்தில் 'ரைத்து பஜார்' வந்தது. அதே ஆண்டு நவம்பர் 14 அன்று மதுரை அண்ணா நகரில் முதல் உழவர் சந்தையை முதலமைச்சர் கருணாநிதி திறந்தார். ரெண்டு வருஷத்துக்குள்ள எண்ணிக்கை நூறைத் தாண்டிடுச்சு.

இதுல எனக்குப் பிடிச்சது அதோட டிசைன். தொழில் புத்தி, மன்னிக்கணும். உள்ளே விற்க அடையாள அட்டை வேணும். அலுவலர்கள் நிலத்தையும் பயிரையும் சரிபார்த்த பிறகுதான் புகைப்படத்தோட அட்டை கிடைக்கும். கடைக்கு வாடகை இல்லை, தராசு சந்தையே கொடுக்கும். மூட்டையை அரசு பஸ்ல இலவசமா ஏத்தி வரவும் வசதி செய்தாங்க. எல்லாத்துக்கும் மேல, வாசல்ல ஒரு விலைப் பலகை. துண்டுக்குள்ள இருந்த விலை எழுபது வருஷம் கழிச்சு எல்லாரும் படிக்கிற மாதிரி வெளியே வந்துச்சு.

பலகை விலைக்கு ஒரு வழிகாட்டுக் கணக்கு உண்டு. மொத்த விலையைவிடச் சுமார் 20 சதவீதம் கூட, வெளிக்கடைச் சில்லறை விலையைவிடச் சுமார் 15 சதவீதம் குறைவு. உதாரணத்துக்கு, பீன்ஸ் மண்டியில் கிலோ 20 ரூபாய், கடையில் 30 ரூபாய் என்று வைப்போம். அப்போ பலகையில் 24-க்கும் 25.50-க்கும் இடையில வரணும். விற்கிறவருக்கு நாலு ரூபாயாவது கூட, வாங்குறவருக்கு நாலரை ரூபாயாவது மிச்சம்.

ஆனா கணக்கை இன்னொரு தடவை பாருங்க. மண்டி விலைதான் இதுக்கு இன்புட். ராயக்கோட்டை தக்காளி மண்டியில விலை சரிஞ்சா, அன்னைக்கே உழவர் சந்தைப் பலகையும் சரியும். கிருஷ்ணகிரி மாவட்ட விவசாயிகள் தக்காளியை ரோட்டோரம் கொட்டும் செய்தி வரும்போதெல்லாம், "அதான் உழவர் சந்தை இருக்கே"ன்னு சிலர் கமெண்ட் போடுவாங்க. இடைத்தரகு எடுப்பதைக் குறைக்க இந்தச் சந்தையால் முடியும். விலைச் சரிவைத் தாங்க முடியாது. அதற்காகக் கட்டப்பட்டதும் இல்லை.

கெலமங்கலம் பக்கத்திலிருந்து அவரைக்காய் கொண்டுவந்திருந்த ஒரு அக்காகிட்ட, மண்டிக்குப் போடுறதைவிட இது லாபம்தானேன்னு கேட்டேன். "லாபம்தான் தம்பி. ஆனா மண்டியில எறக்கிட்டா எட்டு மணிக்கு வீட்ல இருப்பேன். இங்க வித்து முடிக்கிற வரைக்கும் உக்காரணும். என் கூலிய யாரு கணக்குல சேக்கறா?"ன்னாங்க. அந்தச் செலவுக்கு நான் மேலே சொன்ன கணக்கில் இடமே இல்லை.

2001-இல் ஆட்சி மாறியது. கவனிப்பு போனதும் பல ஊர்களில் சந்தைகள் வெறிச்சோடின. 2006-இல் மறுபடி ஆட்சி மாறிய பிறகுதான் உயிர் வந்தது. கட்சி அரசியலுக்குள்ள நான் போகல. வாசலில் அட்டையைப் பார்க்க ஆள் இல்லைன்னா என்ன நடக்கும்னு அந்த அஞ்சு வருஷம் காட்டிடுச்சு. மண்டியில வாங்கின சரக்கோட வியாபாரி உள்ளே உட்கார்ந்தா, அது இன்னொரு சாதாரண மார்க்கெட்.

மாநிலத்தின் பெரிய உழவர் சந்தைகளில் ஒன்றாக ஓசூர் வளர்ந்ததற்கு ஊரின் இருப்பிடமே முக்கியக் காரணம். கடல் மட்டத்திலிருந்து ஏறக்குறைய 900 மீட்டர் உயரம். அதனால கோஸ், பீட்ரூட், பீன்ஸ், குடமிளகாய் எல்லாம் தளி, தேன்கனிக்கோட்டை, பாகலூர், சூளகிரி பக்கமே விளையுது. பெங்களூரு 40 கிலோமீட்டர்தான், கோயம்பேடு 300-க்கும் மேல. வாங்கும் கூட்டத்தைக் கொண்டுவந்தது தொழிற்சாலைகள். சிப்காட், பிறகு அசோக் லேலண்ட், டிவிஎஸ், டைட்டன். நைட் ஷிப்ட் முடிச்சு யூனிபார்மோட பை நிறைய காய் வாங்கிட்டுப் போறவங்களை அங்கே காலையில் பார்க்கலாம். ஒரே கடையில் தமிழ், தெலுங்கு, கன்னடம் மூணுலயும் விலை சொல்வாங்க.

அதே தொழில் வளர்ச்சி இந்தச் சந்தையின் அடியிலும் கை வைக்கிறது. சூளகிரி வட்டத்தில் உத்தனப்பள்ளி, நாகமங்கலம், அயர்னப்பள்ளி பகுதிகளில் சிப்காட்டுக்கு நிலம் எடுக்கும் திட்டத்தை எதிர்த்து விவசாயிகள் 2023-இல் தொடர் போராட்டம் நடத்தினார்கள். வேலை வேண்டாம்னு நான் சொல்லல. என் கூடப் படிச்சவங்களே பலர் அந்தப் பேட்டைகளில் இருக்காங்க. ஆனா உழவர் சந்தை அட்டை ஆளை மட்டும் வெச்சுக் கொடுக்கிறதில்ல, நிலத்தையும் பயிரையும் பார்த்துக் கொடுக்கிறது. நிலம் போனா அதுக்கு இழப்பீடு வரும். அட்டைக்கு எந்த இழப்பீடும் இல்லை.

போறவங்களுக்கு ரெண்டு விஷயம். ஆர்கானிக் சான்றிதழ் தேடாதீங்க, அதுக்கு அந்தச் சந்தை உத்தரவாதம் தரல. "எந்த ஊரு, என்ன மருந்து அடிச்சீங்க"ன்னு விளைவிச்சவங்ககிட்டயே நேரா கேட்கலாம், சூப்பர் மார்க்கெட்ல அந்த வாய்ப்பு இல்ல. பலகை விலைக்குக் கீழே பேரம் பேசாதீங்க. பை கொண்டு போங்க. மார்கழி, தை மாசம்னா அவரைக்காயை விட்டுடாதீங்க, களிக்கு அது மாதிரி குழம்பு கிடையாது.

அடுத்த எபிசோட், போச்சம்பள்ளி ஞாயிற்றுக்கிழமைச் சந்தை. அங்கே அட்டையும் இல்லை, பலகையும் இல்லை.