தலையால முட்டலாமா? ஒரு அம்மா கேட்ட கேள்வியும் கால்பந்தின் கதையும்

1. போன மாசம் ஓபி முடியற நேரம். 11 வயசுப் பையனைக் கூட்டிக்கிட்டு அப்பாவும் அம்மாவும் வந்தாங்க. முந்தின நாள் சாயங்காலம் கிரவுண்டுல, கார்னர் பந்துக்கு ரெண்டு பசங்க ஒரே நேரத்துல எகிறி, தலையும் தலையும் மோதிடுச்சு. ஒரு தடவை வாந்தி. ஸ்கேன் எடுத்தோம், ஒண்ணும் இல்லை.

கிளம்பும்போது அம்மா கேட்டாங்க: "சார், பந்தைத் தலையால முட்டி முட்டியே மூளை கெட்டுப்போகும்னு போன்ல பார்த்தேன். இனி இவனை விளையாட விடவா, வேண்டாமா?"

அப்பாவுக்கு அது கேட்கலை. விசைத்தறி வேலை. அவர் காதுகிட்ட போய் மறுபடி சத்தமா சொன்னாங்க.

அந்தக் கேள்விக்கு ஒரு வரியில பதில் இல்லை. அதான் இந்த த்ரெட்.

2. முதல்ல நம்ம நாட்டுக் கதை. 1962, ஜகார்த்தா ஆசிய விளையாட்டுப் போட்டி. இந்திய அணியின் தடுப்பாட்டக்காரர் ஜர்னைல் சிங்குக்குத் தலையில் அடி, தையல். பயிற்சியாளர் ரஹீம் அவரை வெளியே உட்கார வைக்கவில்லை. முன்னால் கொண்டுபோய் ஃபார்வர்டாக ஆடவிட்டார். தையல் போட்ட தலையோடு அரையிறுதியில் ஒரு கோல், இறுதிப் போட்டியில் ஒரு கோல். செப்டம்பர் 4 அன்று தென் கொரியாவை 2-1 என்று வென்று தங்கம். இன்று வரை ஆசியப் போட்டிக் கால்பந்தில் நமக்குக் கிடைத்த கடைசித் தங்கம் அதுதான்.

3. அந்தக் கதையைக் கேட்டா எனக்கும் புல்லரிக்கும். ஆனா டாக்டரா யோசிச்சா, இன்னைக்கு எந்த மருத்துவரும் அதை அனுமதிக்க மாட்டார். அன்னைக்கு அது வீரம். தலையடின்னா தையல் போட்டா சரியாயிடும்னு உலகமே நம்புன காலம்.

4. உண்மையில் பிரச்சினை வெளியே தெரியற காயம் மட்டும் இல்லை. மூளை மண்டைக்குள்ள ஒரு திரவத்துல மிதக்குது. தூக்குவாளியில தயிர் கொண்டு போறோம்னு வைங்க. வாளியில ஒரு தட்டு தட்டினா, வாளிக்கு ஒண்ணும் ஆகாது, உள்ள தயிர் குலுங்கும். அதே மாதிரி மூளை குலுங்கும்போது அதோட மெல்லிய நரம்பு இழைகள் இழுபடும். ஒரு முட்டுல வாந்தி வராது, மயக்கம் வராது, ஸ்கேன்லயும் தெரியாது. கேள்வி என்னன்னா, அதையே 20 வருஷம், ஆயிரக்கணக்கான தடவை செஞ்சா?

5. இந்தக் கேள்வி முதலில் எழுந்தது குத்துச்சண்டையில். 1928-ல் ஹாரிசன் மார்ட்லண்ட் என்ற அமெரிக்க மருத்துவர், பல வருஷம் தலையில் குத்து வாங்கிய வீரர்கள் குடிகாரர் போலத் தள்ளாடுவதையும் புத்தி மங்குவதையும் பற்றி எழுதினார். அதைக் கால்பந்தோடு யாரும் பெரிதாகச் சேர்த்துப் பார்க்கவில்லை. பந்து என்ன முஷ்டியா?

6. திருப்பம் வந்தது 2002-ல். ஜெஃப் ஆஸ்டில், இங்கிலாந்தின் வெஸ்ட் பிராம்விச் ஆல்பியன் கிளப்பின் நட்சத்திரம், தலையால் கோல் போடுவதில் பேர் போனவர். 59 வயதில் மறதி நோய் முற்றி இறந்தார். விசாரணை நடத்திய அதிகாரி, பந்தைத் திரும்பத் திரும்பத் தலையால் முட்டியதே காரணம் என்று சொல்லி, மரணத்துக்குப் பதிவு செய்த காரணம்: "தொழில் நோய்". 2014-ல் அவர் மூளைத் திசுவை மறுபடி பரிசோதித்தபோது, குத்துச்சண்டை வீரர்களிடம் கண்ட அதே சி.டி.இ. நோய் என்று தெரிந்தது.

7. தொழில் நோய்ங்கிற வார்த்தையை நம்ம ஊர்ல விளக்கவே வேண்டாம். தறிச் சத்தத்துல ஒரே நாள்ல யாருக்கும் காது போறதில்லை. 20 வருஷத்துல போகும். இரைச்சலால் வரும் காது கேளாமை நம்ம தொழிலாளர் சட்டத்தின் நோய்ப் பட்டியலிலேயே இருக்கு. தினமும் கொஞ்சம், வலியில்லாம, கணக்கில்லாம. ஆஸ்டிலுக்கு நடந்ததும் அதுதான்.

8. பிறகு மற்றவர்கள் கதையும் வெளியே வந்தது. 1966 உலகக் கோப்பையை வென்ற இங்கிலாந்தின் 11 பேரில் ரே வில்சன், மார்ட்டின் பீட்டர்ஸ், நாபி ஸ்டைல்ஸ், சார்ல்டன் சகோதரர்கள் இருவர் என 5 பேருக்கு டிமென்ஷியா.

ஆனா 5 பேர் கதை ஆதாரம் ஆகாது. வயசானா யாருக்கும் வரலாம். ஒப்பிட்டுப் பார்க்கணும்.

9. அதை கிளாஸ்கோ பல்கலைக்கழகக் குழு செய்தது. 2019-ல் வெளியான ஆய்வில், ஸ்காட்லாந்தின் முன்னாள் தொழில்முறை வீரர்கள் 7,676 பேரை, அதே வயது, அதே பின்னணி கொண்ட சுமார் 23,000 பேரோடு ஒப்பிட்டார்கள். மூளை நரம்பு சிதைவு நோய்களால் இறப்பது வீரர்களிடம் சுமார் மூன்றரை மடங்கு.

2021-ல் அடுத்த ஆய்வு. தடுப்பாட்டக்காரர்களுக்கு சுமார் 5 மடங்கு. பந்தைத் தலையால் முட்டவே வேண்டாத கோல்கீப்பர்களுக்கு? மற்ற மக்களைவிடக் குறிப்பிடும்படி அதிகம் இல்லை! எனக்கு இதுதான் எல்லாத்தையும்விடப் பெரிய துப்பு.

10. இப்போ நியாயமா மறுபக்கமும் சொல்லணும்.

அ) அதே ஆய்வில், 70 வயது வரை வீரர்களின் இறப்பு விகிதம் மற்றவர்களைவிடக் குறைவு. இதய நோயால் இறந்தவர்களும் குறைவு. விளையாட்டு நல்லதுதான்.

ஆ) இவங்க தொழில்முறை வீரர்கள். ஞாயித்துக்கிழமை மட்டும் ஆடுறவங்களுக்கு இதே கணக்குப் பொருந்தும்னு சொல்ல முடியாது.

இ) "அது தண்ணி குடிச்சுக் கனக்கிற பழைய தோல் பந்து, இப்போ பந்து லேசு" என்பார்கள். காய்ந்த பந்தின் எடை விதிப்படி அன்றும் இன்றும் 410 முதல் 450 கிராம். புதுப் பந்து தண்ணி குடிக்காது, வேகமா வரும். பிறந்த காலம் மாறினாலும் ஆபத்து மாறவில்லை என்பதே 2021 ஆய்வின் முடிவு.

11. விதிகளும் மாறின. அமெரிக்காவில் பெற்றோர் வழக்குப் போட்ட பிறகு, 2015-ல் 10 வயது வரை தலையால் முட்டத் தடை அறிவித்தார்கள். 2020-ல் இங்கிலாந்து, ஸ்காட்லாந்து, வட அயர்லாந்தில் தொடக்கப் பள்ளி வயதினருக்குப் பயிற்சியில் நிறுத்தம். 2024-25 முதல் இங்கிலாந்தில் சிறுவர் போட்டிகளிலும் படிப்படியாகத் தடை. பெரியவர்களுக்குத் தடை இல்லை; ஆனால் அங்கே 2021-லிருந்து பயிற்சியில் வேகமான பந்தை வாரத்துக்கு 10 தடவைக்கு மேல் முட்டக் கூடாது என்ற வழிகாட்டுதல் உண்டு.

12. என் கருத்து: முழுத் தடை வேண்டாம். வளர்ந்தவர் விவரம் தெரிஞ்சு எடுக்கிற முடிவு அவரோடது. ஆனா 12 வயசுக்குள்ள இருக்கிற பிள்ளைக்கு அந்த விவரம் தெரியாது. கழுத்துத் தசையும் இன்னும் உறுதியாகலை. அவங்களுக்கு நிறுத்துறதால ஆட்டம் கெட்டுடாது. காலால ஆடக் கத்துக்க இன்னும் நேரம் கிடைக்கும்.

13. அந்த அம்மாகிட்ட சொன்னது: "பையனை வீட்டில் முடக்காதீங்கம்மா. தலைவலி சுத்தமாப் போனதும், மறுபடி காட்டிட்டு, கொஞ்சம் கொஞ்சமா ஆடட்டும். பந்தைத் தலையால முட்ட மட்டும் இப்போ வேண்டாம். பிடி சார்கிட்ட நான் சொன்னதாச் சொல்லுங்க."

அப்பா என் முகத்தையே பார்த்துக்கிட்டிருந்தார். அவருக்கும் ஒருமுறை சத்தமாச் சொன்னேன். தலையாட்டினார்.

14. கடைசியா, பிடி சார்களுக்கும் பெற்றோருக்கும்: தலையில் அடிபட்ட பிள்ளைக்குத் தலைவலி, தலைசுற்றல், குழப்பம் எது இருந்தாலும் அன்னைக்கு ஆட்டம் முடிஞ்சது. திரும்ப இறக்காதீங்க. வாந்தி, வலிப்பு, அதிகத் தூக்கம், கை கால் பலவீனம் இருந்தா உடனே ஆஸ்பத்திரி. "தாங்கிக்கோ, நீ சிங்கம்டா"ன்னு மட்டும் சொல்லாதீங்க.